நமது குடாவின் நலம் சொல்லும் நுண்பயிர்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலையொட்டி உப்புவெளியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியத் துறையில் இருப்பவர்களை இப்படியான மேடைக்கு அழைத்தால் நீரிழிவு, இரத்த அழுத்தம் என்றுதான் பேச்சு வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். இன்று நாம் எடுத்துக்கொண்டது வேறு: கடல் நீரில் மிதக்கும், வெறுங்கண்ணுக்குத் தெரியாத நுண்தாவரங்கள். உயர்தர உயிரியலில் தாவரப் பிளாந்தன் என்று படித்தோமே, அதுதான். பரீட்சையோடு நாம் மறந்துவிட்ட அந்தச் சொல்லுக்கும் நமது ஊரின் ஆரோக்கியத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

பூமியில் நடக்கும் ஒளித்தொகுப்பில் ஏறக்குறைய அரைவாசி கடலில் நடக்கிறது. அதைச் செய்பவை பெரும்பாலும் இந்த நுண்தாவரங்கள். தரையில் நெல்லும் புல்லும் செய்யும் வேலையைக் கடலில் இவை செய்கின்றன. இவற்றை விலங்குப் பிளாந்தன்கள் தின்னும். அவற்றைச் சிறு மீன்களும் சிறு கூனிகளும் தின்னும். நமது கரைவலையில் ஏறும் சூடையும் சாளையும் இந்தப் பயிரை நம்பி வாழ்பவை. திருகோணமலைக்கு வெளியே காணப்படும் நீலத் திமிங்கிலத்தின் உணவும் இதே சங்கிலியில் வருவதுதான்.

நமது கடலின் அமைப்பே தனி. நாட்டின் மிக நீளமான ஆறான மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் ஓடி வந்து மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. அந்தக் குடாவிலிருந்து கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று ஆழ்கடலுக்கு இறங்குகிறது. உள்ளே தம்பலகாமம் குடா ஆழமற்றது. கரையோரம் கண்டல் தாவரங்கள் நிற்கும். ஒரே மாவட்டத்தில் கழிமுகம், களப்பு, துறைமுகம், திறந்த கடல் நான்கும் இருக்கின்றன. வாடைக் காலத்து மழையில் ஆறு மண்ணையும் போசணையையும் கொண்டுவரும், நீர் கலங்கும், உப்பு குறையும். கோடையில் நீர் தெளியும், உப்பு கூடும். இந்த மாற்றங்களுக்கெல்லாம் முதலில் பதில் சொல்வது பிளாந்தன்.

இதற்குப் பழைய சான்று ஒன்றும் நம்மிடம் உண்டு. தம்பலகாமம் குடாவில் யன்னல் கண்ணாடிபோல மெல்லிய ஓடுடைய தட்டைச் சிப்பி நிறைய இருந்தது. அதில் கிடைத்த சிறு முத்துக்களுக்காகவே குத்தகை விட்டுக் குளித்தார்கள். இலங்கையில் பிறந்து இராணுவ வைத்தியராகப் பணியாற்றிய எட்வர்ட் பிரெடெரிக் கெலார்ட் 1850களின் பிற்பகுதியில் இலங்கையின் முத்துச் சிப்பிகளை ஆராய்ந்தார். ஜேம்ஸ் ஹோர்னெல் 1906இல் தம்பலகாமச் சிப்பியைப் பற்றித் தனி அறிக்கையே எழுதினார். சிப்பி இருந்த இடத்தில் இருந்தபடி நீரை வடித்து உண்ணும் பிராணி. ஆகவே அன்று அரசாங்கத்துக்கு வந்த முத்துக் குத்தகைப் பணத்தின் அடியிலும் அந்தக் குடாவின் நுண்பயிர்தான் இருந்தது. கடலை ஆராய்வது வைத்தியருக்குப் புதிய வேலை அல்ல என்பதற்கும் கெலார்ட் சாட்சி.

சரி, இந்த நுண்பயிரைக் கொண்டு கடலின் நலத்தை எப்படி அறிவது? மூன்று காரணங்களால் இது நல்ல சுட்டி.

முதலாவது, இதன் வாழ்நாள் குறுகியது. ஒரு நாளிலோ சில நாட்களிலோ இரட்டிப்பாகிவிடும். கண்டல் மரம் வாடிக் காட்ட ஆண்டுகள் எடுக்கும், மீன் குறைவது தெரிய மாதங்கள் எடுக்கும். பிளாந்தன் அதே வாரத்தில் காட்டிவிடும்.

இரண்டாவது, எவ்வளவு இருக்கிறது என்பதோடு எது இருக்கிறது என்பதும் செய்தி சொல்லும். சிலிக்கா ஓடுடைய தயற்றங்கள் கலங்கி அசையும், போசணையுள்ள நீரில் செழிக்கும். பொதுவாக அவை மீன்வளத்துக்கு நல்ல அடித்தளம். நீர் அசைவற்றுச் சூடேறி அடுக்கடுக்காக நிற்கும்போது, சவுக்குமுளையால் நீந்தக்கூடிய டைனோபிளஜலேற்றுகள் மேலோங்கும். நன்னீரும் கழிவும் சேரும் தேங்கிய இடத்தில் சயனோபற்றீரியா பச்சைப் படலமாக நிற்கும். கொழும்பில் பேரை வாவியின் பச்சை நிறத்தையும் மணத்தையும் அறியாதவர்கள் நம்மில் குறைவு.

மூன்றாவது, நாம் நிலத்தில் செய்வதெல்லாம் இதில் பதிவாகும். வயலுக்கு இட்ட உரத்தில் மிஞ்சிய நைதரசனும் பொசுபரசும் வாய்க்கால் வழியே வரும். உப்புவெளி போன்ற மணல் நிலத்தில் மலசலகூடக் குழிக்கும் கடலுக்கும் இடையில் நிற்பது மணல் மட்டுமே, நைத்திரேற்று அதனூடாக நிலத்தடி நீரோடு நடந்துவிடும். விடுதியும் வீடும் பெருகப் பெருகக் கடலுக்குப் போகும் உரமும் பெருகும். அளவுக்கு மீறிய பயிர் செத்து அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசனைத் தின்றுவிடும். இதைத்தான் நற்போசணையாக்கம் என்று படித்தோம். பெயரில் மட்டுமே நன்மை.

ஆறு கொண்டுவருவது கூடினாலும் பிரச்சினை, குறைந்தாலும் பிரச்சினை. தன்யூப் ஆற்றில் 1970களின் தொடக்கத்தில் பெரிய அணை கட்டியபின், கருங்கடலுக்கு வந்த சிலிக்கா பெருமளவு குறைந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். அணைக்குப் பின்னால் தேங்கிய நீரிலேயே தயற்றங்கள் வளர்ந்து சிலிக்காவோடு அடியில் படிந்துவிட்டன. நைதரசனும் பொசுபரசும் வந்துகொண்டே இருந்தன. கடலில் தயற்றங்களின் இடத்தை வேறு இனங்கள் பிடித்தன. நமது மகாவலியில் 1976இல் பொல்கொல்ல, 1985இல் கொத்மலையும் விக்டோரியாவும், 1986இல் ரந்தெனிகலை என்று அணைகள் எழுந்தன. ஆற்றின் கடைமடையில் வாழ்பவர்கள் நாம். கொட்டியாரக் குடாவின் சிலிக்காவையும் தயற்றங்களையும் அளந்து பார்க்கும் அக்கறை வேறு யாருக்கும் முன் நமக்குத்தான் வேண்டும்.

இனி எங்கள் தொழிலுக்கு வருவோம். சில டைனோபிளஜலேற்றுகள் நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். மட்டியும் சிப்பியும் அவற்றை வடித்து உண்டு நஞ்சைச் சேர்த்து வைக்கும், தமக்கு ஒன்றும் ஆகாது. உண்டவருக்கு உதடும் நாக்கும் விறைக்கும், கடுமையானால் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். சமைத்தால் நஞ்சு போய்விடும் என்று நினைக்க வேண்டாம், போகாது. மாற்று மருந்தும் இல்லை. மூச்சுக்கு உதவி செய்து காப்பாற்ற வேண்டியதுதான். தயற்றங்களிலும் நஞ்சுள்ளவை உண்டு. 1987இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுச் சிப்பிகளை உண்ட நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள், சிலர் நினைவாற்றலை இழந்தார்கள், சிலர் இறந்தார்கள். அதற்குக் காரணம் ஒரு தயற்றம். அதன்பின் அங்கே கடல் நீரையும் சிப்பியையும் ஒழுங்காகப் பரிசோதிக்கிறார்கள். இங்கே விறைப்போடு ஒருவர் வைத்தியசாலைக்கு வந்தால், முதல் நாள் என்ன சாப்பிட்டார், அது எங்கே பிடித்தது என்று கேட்க நாம் எல்லோரும் பழக வேண்டும்.

வாந்திபேதி எனப்படும் கொலராவுக்கும் பிளாந்தனுக்கும் உள்ள உறவு இன்னும் வியப்பானது. கொலராக் கிருமி கழிமுக நீரில் இயல்பாகவே வாழக்கூடியது என்றும், கொப்பிபோட்டு என்னும் விலங்குப் பிளாந்தனில் ஒட்டிக்கொள்கிறது என்றும் றீற்றா கொல்வெல் என்ற பெண் விஞ்ஞானி காட்டினார். தாவரப் பிளாந்தன் பெருகினால் அதைத் தின்னும் கொப்பிபோட்டு பெருகும், அதோடு கிருமியும் பெருகும். அப்படியானால் பிளாந்தனை வடித்துவிட்டால்? அவரும் குழுவினரும் வங்காளதேசத்தில் 65 கிராமங்களில் சோதித்தார்கள். பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்துக் குடிநீரை வடிக்கச் செய்தார்கள். கொலரா 48 சதவீதம் குறைந்தது என்று 2003இல் ஆய்வு வெளியானது. பழைய சேலைதான் நல்லது. துவைத்துத் துவைத்து நூல் பஞ்சுபட்டுக் கண்கள் சிறுத்திருக்கும். கொதித்தாறிய நீர்தான் சிறந்தது என்பதில் மாற்றமில்லை. ஆனால் விறகுக்கு வழியில்லாத வீட்டில் ஒரு தாயின் கையிலிருந்த பொருளே மருந்தாயிற்று. கிருமி எங்கே ஒட்டியிருக்கிறது என்று ஒருவர் நுணுக்குக்காட்டியில் பொறுமையாகப் பார்த்ததால் வந்த பலன் அது.

இவை தூரத்துக் கதைகள் என்று எண்ண வேண்டாம். 2019 செப்ரெம்பரில் மன்னார் வளைகுடாவின் மண்டபம், பாம்பன் பக்கம் நொக்ரிலூகா என்னும் உயிரி பெருகிக் கடல் பச்சையாகி மீன்கள் இறந்து ஒதுங்கின. அதற்கு முந்திய மாதம் சென்னைக் கடற்கரையில் இரவில் அலை நீலமாக ஒளிர்ந்ததைப் பார்க்கச் சனம் திரண்டது. ஒளிர்ந்ததும் நொக்ரிலூகாதான் என்றார்கள். படம் பிடித்து அனுப்பும் அழகும் சில வேளைகளில் ஓர் அறிவித்தல்தான்.

நம்மால் என்ன செய்ய முடியும்? நமது சங்கம் மண்டபம் கட்டியிருக்கிறது, புலமைப்பரிசில் கொடுக்கிறது. நூற்றாண்டின் நினைவாகக் கடல் நீர்ப் பதிவேடு ஒன்றைத் தொடங்கக் கேட்கிறோம். மாதம் ஒருமுறை, மூன்று இடங்கள்: உப்புவெளிக் கரை, உட்துறைமுகம், நாமெல்லாம் ஒரு காலம் பாதையில் கடந்த கிண்ணியாவின் பாலத்தடி.

கருவிகள் எளியவை. வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது மறையும் ஆழத்தைக் குறிக்க வேண்டும். இத்தாலியரான செக்கி 1865இல் தொடங்கிய முறை, இன்றும் விஞ்ஞானிகள் கைவிடவில்லை. வெப்பநிலை, உப்புத்தன்மை, நீரின் நிறம் எழுத வேண்டும். 20 மைக்குரோமீற்றர் கண்ணுள்ள வலையால் வடித்து, சில துளி அயடீன் கரைசல் விட்டுப் பாதுகாத்து, ஒரு மில்லிலீற்றர் கொள்ளும் எண்ணற் கண்ணாடியில் இட்டு நுணுக்குக்காட்டியில் எண்ண வேண்டும். நிலாவெளி கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. நாரா நிறுவனமும் உண்டு. இனம் காண உதவி கேட்டு முறைப்படி எழுதலாம்.

எச்சரிக்கை ஒன்றும் சொல்ல வேண்டும். ஒரு மாதிரியை வைத்து முடிவு கட்டக் கூடாது. ஒரு தடவை இரத்த அழுத்தம் கூடியதற்காக எவருக்கும் ஆயுள் முழுக்க மாத்திரை எழுதுவதில்லை. மாரியும் கோடையும் பலமுறை வந்துபோன பிறகுதான் நமது கடலுக்கு வழமை எது, வழமை மீறியது எது என்று தெரியும். மலக் கழிவின் பற்றீரியாவை இந்த முறை காட்டாது, அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும். அதனால்தான் இது ஒரு கண்காட்சிக்குரிய செயற்றிட்டம் அல்ல, வகுப்புக்கு வகுப்பு கைமாற வேண்டிய பதிவேடு என்கிறோம். ஆறாம் ஆண்டில் கயிறு பிடித்த பிள்ளை உயர்தரத்தில் எண்ணுவாள், அவள் போனபின் அடுத்தவள் எண்ணுவாள்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருந்து இந்த மலரை வாசிக்கும் தோழிகளே, இரண்டு நல்ல நுணுக்குக்காட்டிகளும் ஒரு வலையும் வாங்கித் தருவது உங்களுக்குப் பெரிய காரியமல்ல. உள்ளூரில் இருக்கும் நாங்கள் மாதந்தோறும் பிள்ளைகளோடு கரைக்குப் போவோம். யாராவது ஒருநாள், இந்தக் கடலில் குளிக்கலாமா, இந்த மட்டியை உண்ணலாமா என்று கேட்டால், நமது கல்லூரிப் பிள்ளைகளின் எழுத்தில் பதில் இருக்கட்டும்.