வணிகப் பள்ளிக்கு ஒரு விண்ணப்பம்

1908-இல் தொடங்கிய ஹார்வர்டு வணிகப் பள்ளிதான் எம்.பி.ஏ. படிப்பை உலகுக்கு அறிமுகம் செய்தது. அங்கே ஒரு வகுப்பில் ஏறக்குறைய 90 பேர் அமர்ந்திருப்பார்கள். பேராசிரியர் நீண்ட விரிவுரை ஆற்றுவதில்லை. ஏதோ ஒரு நிறுவனம் சிக்கலில் நின்ற தருணத்தை முன்வைத்து, என்ன செய்திருக்க வேண்டும் என்று மாணவர்களையே வாதாட விடுவார். உடன் படிப்பவர்களின் அனுபவமே அங்கு பாடத்தில் பெரும்பகுதி. ஆகவே, இவர் வந்தால் மற்றவர்களுக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வியோடுதான் ஒவ்வொரு விண்ணப்பமும் படிக்கப்படுகிறது.

ஜிமேட் அல்லது ஜிஆர்இ நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் கல்லூரி மதிப்பெண்ணும் ஒருவரால் பாடச்சுமையைத் தாங்க முடியுமா என்பதைக் காட்டும். அதற்கு மேல் அவற்றை நம்பியிருக்க முடியாது. உயர்ந்த மதிப்பெண் பெற்ற பலருக்கு ஆண்டுதோறும் இடம் கிடைக்காமல் போகிறது.

வேறுபாடு தெரிவது விண்ணப்பக் கட்டுரையில்தான். உங்களுக்கு எது மிக முக்கியம், ஏன் என்று ஸ்டான்ஃபோர்டு வணிகப் பள்ளி நெடுங்காலமாகக் கேட்டுவருகிறது. ஹார்வர்டு 2024-இல் ஒரே கட்டுரைக்குப் பதிலாக மூன்று சிறு கட்டுரைகளைக் கேட்கத் தொடங்கியது. ஒன்றுக்கு 300 சொற்கள் வரை, மற்ற இரண்டுக்கும் தலா 250 வரை. இவ்வளவு சிறிய இடத்தில் ‘தலைமைப் பண்பு உண்டு, கடுமையாக உழைப்பேன்’ என்று எழுதுவது பெரிய விரயம். அது யாருக்கும் பொருந்தும். எடுத்துக்காட்டாக, ஆலையில் ஓர் இயந்திரம் ஆபத்தான நிலையில் ஓடுகிறது. சரக்கு அனுப்பும் தேதி தவறினாலும் தவறட்டும் என்று அதை நிறுத்திய இளம் பொறியாளர், அன்று எதை எடைபோட்டார், மேலாளரிடம் என்ன சொன்னார், எந்த இடத்தில் தயங்கினார் என்று எழுதினால் அது அவருக்கு மட்டுமே உரிய கட்டுரை. பதவியின் உயரத்தைவிட, முடிவெடுத்த விதமே படிப்பவர் நினைவில் நிற்கிறது.

பரிந்துரைக் கடிதத்திலும் பதவியின் உயரத்தைப் பெரிதாக எண்ணும் தவறு நேர்கிறது. பெரிய புள்ளியின் கையொப்பத்தைத் தேடி அலைவதில் பயனில்லை. விண்ணப்பதாரரிடம் எந்தக் குறையைச் சுட்டிக்காட்டினீர்கள், அவர் அதை எப்படி ஏற்றுக்கொண்டார் என்று பல பள்ளிகள் பரிந்துரைப்பவரைக் கேட்கின்றன. நேரடி மேலதிகாரிதான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

அழைப்பு பெற்றவர்களுக்கு ஹார்வர்டில் 30 நிமிட நேர்காணல் உண்டு. விண்ணப்பத்தை வரிவரியாகப் படித்தவரே எதிரில் இருப்பார். எழுதிய ஒவ்வொன்றையும் தொட்டுக் கேட்பார். பிறரிடம் கூலிக்கு எழுதி வாங்கியவர் அங்கே இரண்டாவது கேள்விக்கே திணறுவார்; தன் கதையைத் தானே எழுதியவருக்கு அது இயல்பான உரையாடலாகவே அமையும்.