கடல் கடந்த மருத்துவக் கல்வியும் இணையவழிப் பாடமும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியராகிய எம்மை அமெரிக்க மருத்துவக் கல்வியைப் பற்றிப் பேச அழைத்தது உங்களிற் சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றின் மக்கள், மணத்தினாலும் தொழிலினாலும் அந்நாட்டிற் குடியேறியுள்ளனர். அவருட் சிலர் எம்மிடம் தமிழ் பயின்றவர். ஐயம் நேர்ந்தவிடத்து எமக்கே எழுதுகின்றனர். சில ஆண்டுகளாக ஒரே வினா பலரிடமிருந்தும் வருகின்றது. "பி.ஏ. பள்ளியிற் சேர விரும்புகின்றோம். அதற்கு முன் படிக்க வேண்டிய பாடங்களை வீட்டிலிருந்தே இணையவழியிற் படித்து முடிக்கலாமா?" என்பதே அவ்வினா. விடை தேடி யாமும் அப்பள்ளிகளின் விதிகள் பலவற்றைப் படித்துப் பார்த்தோம். அவற்றை ஆராய்ந்து கண்டதையே ஈண்டுக் கூறுகின்றோம்.

பி.ஏ. என்றவுடன் நம் கலாசாலைப் பட்டத்தை எண்ணி மயங்கற்க. எமக்கும் முதற் கடிதத்தில் அம்மயக்கம் நேர்ந்தது. பட்டம் பெற்ற பெண் மீண்டும் ஏன் பி.ஏ. படிக்க வேண்டும் என்று எண்ணினோம்! அங்கே அவ்விரண்டெழுத்தும் 'ஃபிசிஷியன் அசிஸ்டண்ட்' என்பதைக் குறிப்பன. மருத்துவத் துணைவர் என்று நாம் வழங்கலாம். 1965ஆம் ஆண்டில், மருத்துவர் பற்றாக்குறையை எண்ணி, வட கரோலினாவிலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜீன் ஸ்டெட் என்பார் இக்கல்வியைத் தொடங்கினார். முதலிற் சேர்ந்தோர், கடற்படையில் மருத்துவப் பணி புரிந்து மீண்ட நால்வர். 1967இல் மூவர் தேறி வெளிவந்தனர். இன்றோ இக்கல்வி தரும் பள்ளிகள் 300க்கு மேற்பட்டன. துணைவர் எனினும் ஏவிய வேலை செய்வார் அல்லர். நோயாளியைச் சோதித்தல், நோயை நிச்சயித்தல், மருந்து எழுதுதல், அறுவையில் உதவுதல் ஆகிய யாவும் அவர்தம் கடமைகளே. 2021இல் அவர்தம் தேசீயச் சங்கம் 'ஃபிசிஷியன் அசோஸியேட்' என்னும் பெயரை ஏற்றதும் இக்கருத்துப் பற்றியே.

கல்விக்காலம் பெரும்பாலும் 27 மாதங்களை ஒட்டியது. முதற்பகுதி வகுப்பறையிலும் பிற்பகுதி மருத்துவமனைகளிலும் கழியும். இச்சிறு காலத்துள் மருத்துவம் கற்பிக்க வேண்டியிருத்தலின், உயிரணு யாது, உப்பு யாது என்று தொடங்க அவர்கட்கு நேரமில்லை. ஆதலின் உடற்கூற்றியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், வேதியியல், புள்ளியியல், உளவியல் முதலியவற்றை முன்னரே கற்றுத் தேறி வருக என்கின்றனர். இவையே முன்தகுதிப் பாடங்கள். பாடங்களின் பட்டியல் பள்ளிக்குப் பள்ளி வேறுபடும் என்பதை இப்போதே மனத்திற் கொள்க.

"எம் மகள் இங்கே மருந்தியற் பட்டம் பெற்றவளாயிற்றே, இவற்றையெல்லாம் படித்திருக்கிறாளே" என்று தாய்மார் கேட்பர். நியாயமான கேள்வியே. ஆயினும் முன்தகுதிப் பாடங்களை அமெரிக்கக் கல்லூரியிலேயே படித்திருத்தல் வேண்டும் என்பது பல பள்ளிகளின் விதி. மேலும் 5, 7 அல்லது 10 ஆண்டுகட்கு முன் படித்த பாடத்தைச் சில பள்ளிகள் கொள்வதில்லை. நம் மாநிலத்திலேயே 'பிசிஷியன் அசிஸ்டண்ட்' என்னும் பெயரால் இளநிலைப் பட்டம் உண்டு. அதனைப் பெற்றவரும் அங்கே அப்பெயரால் தொழில் நடத்த இயலாது. அந்நாட்டு அங்கீகாரம் பெற்ற பள்ளியிற் படித்தவர்க்கே அத்தொழிலுக்குரிய தேர்வு எழுத உரிமை உண்டு. பெயர் ஒன்றாயிருத்தல் கண்டு ஏமாறற்க.

இனி இணையவழிக்கு வருவோம். கைக்குழந்தை உடையவளும், பகலில் வேலை பார்ப்பவனும், கல்லூரிக்கு நெடுந்தொலைவில் வாழ்பவரும் இதனை நாடுவது இயல்பு. மெய்ன் மாகாணத்து நியூ இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் போன்றவை, தம் வேகத்திற் படிக்குமாறு இப்பாடங்களை அமைத்துள்ளன. செய்முறைக்குரிய பெட்டி தபாலில் வரும். பதப்படுத்திய ஆட்டின் இருதயம் சமையலறை மேசைமீது அறுக்கப்படும். தேர்வு எழுதுங்கால் கணினியின் கண் மாணவரையே நோக்கியிருக்கும். ஏளனம் செய்தற்குரிய கல்வி அன்று இது. ஊன்றிக் கற்பவர் இவ்வழியினும் நன்கு கற்பர் என்பதே எம் துணிபு.

ஆனால் கற்றல் வேறு. கற்றதைப் பள்ளி ஏற்றல் வேறு. எம் மாணவி ஒருத்தி மருந்தியற் பட்டதாரி. கணவரின் உத்தியோகம் ஓரூரில் நிலைபெற்றிருத்தலின், அவ்வூருக்கு அணித்தான பள்ளி ஒன்றையே அவள் நாடவியன்றது. குழந்தையை உறங்கவைத்து, இரவு இரண்டு மணிவரை விழித்து, உடற்கூற்றியலின் இரு பகுதிகளையும் நுண்ணுயிரியலையும் செய்முறையோடு இணையவழியிற் படித்து மூன்றினும் முதல் தரம் பெற்றாள். விண்ணப்பிக்கும் வேளையிற்றான், இணையவழிச் சொற்பொழிவை ஏற்போம், இணையவழிச் செய்முறையை ஏலோம் என்னும் அப்பள்ளியின் விதி கண்ணிற்பட்டது. ஒரே வரி! செலவிட்ட பணத்தினும் ஓராண்டு கழிந்ததே அவளை வருத்தியது. இப்பொழுது அவள் சமுதாயக் கல்லூரியொன்றின் மாலை வகுப்பில் அம்மூன்றையும் மீண்டும் படிக்கின்றாள்.

2020இல் கொள்ளைநோய் பரவியபோது கட்டடமுள்ள கல்லூரிகளும் இணையத்திலேயே பாடம் நடத்தின. அக்காலத்துப் படித்தவற்றைப் பள்ளிகள் பலவும் ஏற்றன. பின்னர்ச் சில அத்தளர்வை நிலைநிறுத்தின; சில அவ்வாண்டுகளோடு முடித்துக்கொண்டன. ஆகவே "என் தோழியை ஏற்றார்களே" என்பது சான்றாகாது. தோழி எப்பொழுது, எப்பள்ளியில் என்று கேட்டல் வேண்டும்.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. 2001ஆம் ஆண்டு முதல் பெரும்பாலான பள்ளிகட்கு விண்ணப்பம் காஸ்பா என்னும் பொது நிலையத்தின் வழியே செல்கின்றது. அமெரிக்கக் கல்லூரிகளிற் படித்த ஒவ்வொரு பாடத்தின் மதிப்பும் அங்கே கணக்கிடப்படும். ஒரு பாடத்தில் 'சி' பெற்று, மீண்டும் படித்து 'ஏ' பெற்றால், பழையது அழியாது. 2ஐயும் 4ஐயும் கூட்டிச் சராசரி 3 என்றே கொள்வர். விரைவில் முடியும் என்னும் ஆசையால் இரண்டு மூன்று கடினப் பாடங்களை ஒருங்கே எடுத்து இடறுவோர், அவ்விடறலை விண்ணப்பந்தோறும் சுமந்து செல்ல நேரும். தம் வேகத்திற் படிக்கலாம் என்பது சோம்பர்க்கும் இடந்தரும், பதற்றத்திற்கும் இடந்தரும்.

ஆதலின் யாம் கடிதம் எழுதுவோர்க்குக் கூறுவது, பாடத்திலிருந்து பள்ளிக்குச் செல்லற்க, பள்ளியிலிருந்து பாடத்திற்கு வருக என்பதே. விண்ணப்பிக்கக் கருதும் பள்ளிகளை முதலிற் குறித்துக்கொள்க. இணையவழிப் பாடத்தை ஏற்பரா, செய்முறையையும் ஏற்பரா, பாடம் நடத்தும் நிலையத்தின் அங்கீகாரம் போதுமா, எத்தனை ஆண்டுப் பழமை பொறுப்பர், விண்ணப்ப நாளுக்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டுமா என்பவற்றை எழுத்தாற் கேட்டு, விடையையும் காத்து வைத்துக்கொள்க. புள்ளியியல், உளவியல் போன்ற செய்முறையில்லாப் பாடங்களில் இணையவழிக்குத் தடை குறைவு. செய்முறையுள்ளவற்றைக் குறித்த பள்ளிகளுள் ஒன்றேனும் மறுக்குமாயின், அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியே நன்று. கட்டணமும் பெரும்பாலும் குறைவு. மதிப்பெண் பட்டியில் இணையவழி என்று பொறிக்கப்படாமையின் மறைத்துவிடலாம் என்று சிலர் உபாயம் கூறுகின்றனராம். நோயாளியின் உயிரைக் கையிற் கொள்ளும் தொழிலுக்குப் பொய்யோடு புகுதலை யாம் ஒருகாலும் உடன்படோம்.

மாணவர்க்குரிய எஃப்-1 இசைவிற் சென்றோர், முழுநேரப் படிப்புக்குரிய கணக்கிற் பருவத்துக்கு ஒரே இணையவழிப் பாடத்தையே, அதுவும் 3 கிரெடிட் அளவே, சேர்க்க இயலும். எச்-4 இசைவிற் கணவனோடோ மனைவியோடோ இருப்பார்க்கு அவ்வரையறை இல்லை.

பள்ளிகட்கு அனுப்பவேண்டிய வினாக்களை ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதுவித்துச் சங்கக் காரியதரிசியவர்களிடம் கொடுத்துள்ளோம். வேண்டும் குடும்பத்தார் பெற்றுத் தம் மக்கட்கு அனுப்பலாம்.