பேனலுக்குப் பின்னால் உள்ள இடம் சாக்கு அடுக்குவதற்கு அல்ல

(தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு வகுப்பில், ஓய்வுபெற்ற மின் பணியாளரான நமது அங்கத்தவர் ஒருவர் ஆற்றிய உரை.)



மலையில் கொழுந்து எடுப்பவர்களுக்குக் குளவி, பாம்பு, வழுக்கும் பாதை என்று ஆபத்து கண்ணுக்குத் தெரியும். ஸ்டோரில் வேலை செய்பவர்களுக்கு அது இரும்புப் பெட்டிக்குள் சத்தமில்லாமல் நிற்கிறது. அந்தப் பெட்டியை விட, அதைச் சுற்றியுள்ள இடத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் பேனலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒன்றரை அடி இடைவெளி இருந்தது. அதிலும் வெறும் சாக்குகள், பழைய பெல்ட்டுகள். ஒரு மழை இரவில் வாட்டும் மாடியில் விசிறி நின்றுவிட்டது. கொழுந்து கெட்டுவிடும் என்று அவசரப்படுத்தினார்கள். ரோலர்கள் ஓடிக்கொண்டிருந்ததால் மெயினை அணைக்கவில்லை. அது என் தவறும்தான். டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்தேன். பின்மூடியைத் திறந்து கையை நீட்டியபோது முழங்கை பட்டது. தூக்கி எறியப்படுவதற்குக்கூட அங்கே இடமில்லை. சுவரில் மோதி மறுபடியும் பேனல் மீதே சாய்ந்தேன். ஒரு தோழர் ஓடிப்போய் மெயினை இறக்கியதால் இன்று உங்கள் முன் நிற்கிறேன். வலது கையில் இரண்டு விரல்கள் இன்றும் மடங்காது.

இதற்கு உலகத்தில் விதி இல்லையா? நிறைய இருக்கிறது. பிரித்தானியாவில் 1908ஆம் ஆண்டிலேயே, மூடப்படாத மின்கடத்திகள் உள்ள பலகையின் நடைவழி 3 அடி அகலமும் 7 அடி உயரமும் இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். 1989ஆம் ஆண்டு விதிகள் மூன்று விஷயம் கேட்கின்றன: வேலை செய்ய இடம், போய்வர வழி, போதுமான வெளிச்சம்.

இந்தியாவின் 1956ஆம் ஆண்டு மின்சார விதிகள் பலகைக்கு முன்னால் 1 மீற்றர் இடம் கேட்டன. பின்பக்கத்தில் திறந்த இணைப்புகள் இருந்தால், பின்னால் உள்ள இடைவெளி ஒன்று 20 சென்ரிமீற்றருக்குக் குறைவாக இருக்க வேண்டும், அல்லது 75 சென்ரிமீற்றருக்கு அதிகமாக இருக்க வேண்டும். ஏன் இப்படி? 20க்குக் குறைந்தால் ஆள் நுழைய முடியாது. 75க்கு மேல் போனால் நின்று வேலை செய்யலாம், திரும்பலாம், ஓடி வெளியே வரலாம். நடுவில் உள்ள அளவுதான் மோசம்: நுழைய முடியும், தப்ப முடியாது. நான் மாட்டிக்கொண்ட ஒன்றரை அடி, அதாவது சுமார் 45 சென்ரிமீற்றர், அந்தப் பொறிக்குள்தான் வருகிறது. அளவையும் பெட்டியின் தகட்டிலிருந்து எடுக்கக் கூடாது. மிகவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியிலிருந்து எடுக்க வேண்டும்.

எல்லாப் பேனலுக்கும் பின்வழி தேவையில்லை. முன்னாலிருந்தே எல்லா வேலையும் செய்யக்கூடியவற்றைச் சுவரோடு ஒட்டி வைக்கலாம். ஆகவே முதலில் பாருங்கள்: பின்னால் கழற்றும் மூடி இருக்கிறதா? இருந்தால், அங்கே ஒரு மனிதன் போக வேண்டிவரும்.

இது மின் பணியாளரின் பிரச்சினை மட்டும் அல்ல. பேனலுக்குப் பின்னால் கூட்டச் சொல்வது யாரை? சாக்கை இழுத்துவரச் சொல்வது யாரை? சலிப்புப் பகுதியில் வேலை செய்யும் நம் பெண்களைத்தான். அங்கே பறக்கும் தேயிலைப் பஞ்சும் தூசியும் பேனலுக்குள் படிகின்றன. ஒரு தீப்பொறி போதும். 400 வோல்ட் மும்முனை மின்சாரத்தில் தீச்சுவாலை வெடித்தால் பின்வாங்க இடம் வேண்டும்.

ஆகவே நாளைக் காலையே செய்ய வேண்டியவை:

பேனலைச் சுற்றியுள்ள சாக்கு, விறகு, பெட்டிகளை அகற்றச் சொல்லுங்கள். கதவு முழுதாகத் திறக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். தரையில் மஞ்சள் கோடு போட்டு, அதற்குள் எதையும் வைக்கக் கூடாது என்று கேளுங்கள். மின் பணியாளர் தவிர வேறு யாரும் பின்னால் போகக் கூடாது. அவரும் மெயினை அணைத்துப் பூட்டிய பிறகே போக வேண்டும். யாருக்காவது மின்சாரம் தாக்கினால் கையால் இழுக்காதீர்கள், முதலில் மெயினை அணையுங்கள். மெயின் எங்கே இருக்கிறது என்பது ஸ்டோரில் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

டீமேக்கரிடம் வாயால் சொன்னது மறந்துபோகும். தோட்டக் கமிட்டி மூலம் துரைக்குக் கடிதமாகக் கொடுங்கள், ஒரு பிரதியைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் நம் ஸ்டோர்களுக்கும் உரியது. தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளரிடம் முறையிடலாம். விபத்து நடந்தால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆனால் நட்டஈடு என் விரல்களை மடக்கித் தராது.

சம்பளத்துக்காகக் குரல் கொடுக்கிறோம், கொடுக்கத்தான் வேண்டும். அந்தச் சம்பளத்தை வாங்க முழுக் கையோடு வீடு திரும்ப வேண்டும். அதற்கு நாம் கேட்பது இரண்டரை அடி இடம்தான்.