தாயின் கருப்பை மகளுக்கு

(சங்க ஆண்டு விழாவில், மாதர் அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் பேசுவதே நம் வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ மருத்துவத்தைச் சார்ந்தது. வீடுகளில் தாழ்ந்த குரலில் மட்டுமே பேசப்படுவது. ஆயினும் அதனை இங்கே பேச நமக்குத் தனி உரிமை உண்டு. இந்திய நாட்டில் முதன்முதலாகக் கருப்பை மாற்று அறுவை வெற்றியுடன் நடந்தேறியது, நாம் பிழைப்பை நாடி வந்து குடியேறிய இந்தப் புனே நகரிலேதான்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிக் கூறவேண்டும். 'மலடி' என்பது அச்சொல். 'மலடன்' என்ற சொல்லும் நம் மொழியில் உண்டு. ஆனால் அதை வீதியில் கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? மகப்பேறின்மைக்குரிய காரணம் ஆணிடத்தும் இருக்கலாம், பெண்ணிடத்தும் இருக்கலாம், இருவரிடத்தும் இருக்கலாம் என்று மருத்துவம் தெளிவாகச் சொல்லுகிறது. பழியோ எக்காலத்தும் பெண்ணின் தலையிலேயே விழுகிறது.

பெண்ணிடத்துள்ள காரணங்களுள் ஒன்று, கருப்பையே இல்லாமை. ஏறத்தாழ 5,000 பெண் குழந்தைகளுள் ஒருத்தி இவ்வாறு பிறக்கிறாள். அவளது வளர்ச்சியில் பிறர் காணும் குறை ஒன்றுமில்லை. சினைப்பைகளும் செவ்வனே இயங்குகின்றன. பருவம் வந்தும் பூப்பெய்தவில்லையே என்று பெற்றோர் மருத்துவரிடம் அழைத்துச் சென்ற பின்னரே உண்மை வெளியாகிறது. வேறு சிலர் புற்றுநோயாலோ, பிள்ளைப்பேற்றின்போது நில்லாத குருதிப்போக்காலோ, உயிரைக் காக்கும் பொருட்டுக் கருப்பையை இழந்தவர்கள். இவர்கள் எல்லோரிடத்தும் விதை உண்டு, விளைநிலம் இல்லை.

அந்நிலத்தைப் பிறரிடமிருந்து பெற்றுப் பொருத்த இயலுமா? 2000 ஆம் ஆண்டில் சவூதி அரேபிய மருத்துவர்கள் முயன்றனர். பொருத்திய கருப்பையை 99 நாளில் எடுத்துவிட நேர்ந்தது. ஸ்வீடன் நாட்டுக் கோத்தன்பர்க் நகரில் மாட்ஸ் பிரன்ஸ்ட்ரோம் என்னும் மருத்துவர், பல்லாண்டுகள் விலங்குகளிடத்து ஆராய்ந்த பின்னரே மனிதரிடத்து வந்தார். அவருடைய குழுவினர் 9 பெண்களுக்குக் கருப்பை பொருத்தினர். இருவருக்கு அது சில திங்களில் பயனற்றுப் போயிற்று. எஞ்சியோருள் ஒருவர், 61 வயதுத் தோழி ஒருவர் ஈந்த கருப்பையில் கருவுற்று, 2014 செப்டம்பரில் ஆண் மகவு ஈன்றார். மாற்றுக் கருப்பையில் வளர்ந்து உலகம் கண்ட முதற் குழந்தை அதுவே. பின்னர் 2017 டிசம்பரில், பிரேசில் நாட்டில், இறந்துபோன ஒரு மாதின் கருப்பையிலிருந்தும் ஒரு குழந்தை பிறந்தது.

அதே 2017 மே மாதத்தில் நம் புனேயில், சைலேஷ் புண்டம்பேகர் தலைமையில் மருத்துவர்கள் இரண்டு பெண்களுக்கு அவரவர் தாயாரின் கருப்பையைப் பொருத்தினர். அவ்விருவருள் ஒருவருக்கு 2018 அக்டோபரில் பெண் குழந்தை பிறந்தது. ஆசியாவிலேயே இம்முறையில் பிறந்த முதற் குழந்தை அது. எண்ணிப் பாருங்கள்: மகளைச் சுமந்த அதே கருப்பையே பேத்தியையும் சுமந்தது!

இச்சிகிச்சையின் போக்கை அறிதல் நன்று. முதலில் மனைவியின் சினைமுட்டையையும் கணவனின் விந்தையும் ஆய்வுக்கூடத்தில் கூட்டிக் கருவாக்கி, உறைநிலையில் காத்து வைக்கின்றனர். பின்னரே கருப்பையைப் பொருத்தி, அதன் குருதிக்குழாய்களை இடுப்பின் பெருங்குழாய்களோடு இணைக்கின்றனர். உடல் நிலைபெற்று, மாதவிலக்கும் ஒழுங்குபட்ட பின், காத்திருந்த கருவைக் கருப்பையில் வைக்கின்றனர். பேறு அறுவையினாலேயே நிகழும். ஒன்றோ இரண்டோ மகவு பெற்றபின் அக்கருப்பையை எடுத்துவிடுகின்றனர். பிறர் உறுப்பை உடல் தள்ளிவிடாதிருக்க நாள்தோறும் உண்ணும் மருந்துகள், நெடுங்காலம் உண்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கவும் நோய்த்தொற்றுக்கு இடங்கொடுக்கவும் கூடும். எனவே மாற்றுச் சிறுநீரகம் போல இது வாழ்நாள் உடைமை அன்று. பயன் முடிந்ததும் திருப்பிவிடும் இரவற் பொருள்.

இதன் விலை பெரிது. பணத்தை மட்டும் நாம் சொல்லவில்லை. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 20 பெண்களுக்குச் செய்த அறுவைகளின் விளைவை 2024 இல் வெளியிட்டனர். 14 பேருக்குக் கருப்பை நிலைத்தது. அப்பதினால்வரும் மகப்பேறு கண்டனர். அறுவர் பட்ட துன்பம் பயனின்றிப் போயிற்று. உயிரோடிருந்து ஈந்தவர் 18 பேருள் நால்வருக்குக் கடுமையான இடர்கள் நேர்ந்தன. சிறுநீரகம் இன்றேல் உயிர் நில்லாது; கருப்பை இன்றியும் நூறாண்டு வாழலாம். ஆகவே இவ்வழியிற் புகுமுன் பன்முறை சிந்தித்தல் வேண்டும்.

சிந்தித்து முடிவு செய்வோர் யார்? அங்கேதான் நம் அச்சம் பிறக்கிறது. "வழிதான் வந்துவிட்டதே, ஏன் செய்துகொள்ளவில்லை?" என்று நாளை மருமகளைக் கேட்கும் நாக்குகள் நம் காலனியிலும் உண்டு. "பெற்றவள்தானே, கொடுத்தால் என்ன?" என்று அவள் தாயை நெருக்கும் நாக்குகளும் உண்டு. கொடுத்தல் அன்பினால் நிகழின் கொடை. நெருக்குதலால் நிகழின் பறிப்பு. உறுப்புகளை விற்றலும் வாங்கலும் குற்றம் என்று 1994 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்துள்ளது. ஆனால் உறவினர் வாய்ச்சொல்லால் செய்யும் நெருக்கடியை எச்சட்டமும் எளிதில் தடுக்க மாட்டாது, நாம்தான் தடுக்கவேண்டும்.

வேறு வழிகளும் உள்ளன. வாடகைத் தாய்முறையைப் பொருளுக்காக நடத்துவதை 2021 ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியது. ஈகை உணர்வோடு நிகழ்வதைக் கட்டுப்பாடுகளோடு ஏற்றது. தத்தெடுத்தல் நம் முன்னோரும் அறிந்த வழி. மகவின்றியே நிறைவாக வாழ்தலும் ஒரு வழியே. அதை வழி என்று ஒப்புக்கொள்ளும் மனமே நமக்கு இன்னும் வாய்க்கவில்லை.

தாய்மார்களே, மருத்துவர் செய்வதை நம்மால் செய்ய இயலாது. நம்மால் இயன்றது ஒன்று உண்டு. அடுத்த வளைகாப்பு நம் காலனியில் நிகழும்போது, மகவில்லாத சகோதரியைக் கதவோரம் நிறுத்தாமல் முன்னே அழைத்து, அவர் கையாலும் வளையல் இடச் செய்வோம். நவராத்திரிக் கொலுவில் அவருக்குத் தாம்பூலம் தரும்போது, "விசேஷம் உண்டா?" என்ற கேள்வியை விட்டுவிடுவோம். ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இக்காலனியே உறவு. உறவு காயப்படுத்தினால் ஆறுதலுக்கு அவர்கள் எங்கே போவார்கள்?