எண்ணிச் சிரிப்போம், சிரித்து எண்ணுவோம்

(நமது கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பயிற்சிக் குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்கு ஊக்குநர்கள் இதைக் குழுவில் வாசித்துக் காட்டவும்.)



வழக்கமாக இந்த நேரத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று கணக்குதான் பேசுவோம். இன்றைக்கும் கணக்குதான். ஆனால் இது மூணு வயசு, நாலு வயசுப் பிள்ளைகளோட கணக்கு. எண்ணிக்கை சொல்லித் தரும் படப் புத்தகங்களை வீட்டில் பிள்ளைகளோடு எப்படிச் சத்தமாக, சிரிக்கச் சிரிக்கப் படிக்கலாம் என்பதைத்தான் பேசப் போகிறோம்.

"எங்களுக்கே எழுதப் படிக்கத் தெரியாது, நாங்க எங்க புத்தகம் படிச்சுக் காட்டறது?" என்று சிலர் கேட்பீர்கள். அதற்குத்தான் முதல் பதில். இந்தப் புத்தகங்களுக்கு எழுத்து தெரிய வேண்டியது இல்லை. படம் பார்க்கக் கண், தொட்டு எண்ண விரல், கேள்வி கேட்க வாய், இது மூணும் இருந்தால் போதும். மூணும் நம்மிடம் தாராளமாக இருக்கிறது!

பெரிய மார்க்கெட்டில் நாம் போடும் கணக்கு

நம்மில் பலர் வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம் பக்கத்திலிருந்து விடியறதுக்கு முன்னாடியே கூடையோடு கிளம்பி, புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் வியாபாரம் செய்கிறவர்கள். குபேர் அங்காடி என்று பெயர் வைத்தாலும் நமக்கு அது பெரிய மார்க்கெட்தான். அங்கே ஒரு நாளைக்கு எத்தனை விதமாக எண்ணுகிறோம் என்று பாருங்கள். கீரைக்குக் கட்டு. வாழைப்பழத்துக்குச் சீப்பு. பூவுக்கு முழம். மீனுக்குக் கூறு. முட்டைக்கு டஜன். தேங்காயும் எலுமிச்சையும் எண்ணிக்கை. வெங்காயத்தை யாரும் எண்ணுவதில்லை, அதற்குத் தராசு. எதை எண்ணணும், எதை அளக்கணும், எதை நிறுக்கணும் என்று நமக்குத் தெரிந்திருக்கிறது.

கூறுக்கு அஞ்சு வைத்து, வாடிக்கைக்காரர் முகத்தைப் பார்த்து மேலே ஒண்ணு கொசுறு போடுகிறோம். அஞ்சும் ஒண்ணும் ஆறு. அஞ்சுக்குத்தான் காசு. ஆறாவது நம்ம மனசு. இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. நெல் அளக்கும்போது முதல் மரக்காலை "ஒண்ணு" என்று சொல்லாமல் "லாபம்" என்று சொல்லி, அப்புறம் ரெண்டு, மூணு என்று போகிறவர்கள் நம் பெரியவர்கள். எண்ணிக்கையில் விளையாட்டும் நம்பிக்கையும் கலந்தே வந்திருக்கிறது.

இத்தனையும் செய்கிறோம். ஆனால் பாஸ்புக்கை நீட்டினால் "எனக்குக் கணக்கு வராதும்மா" என்று ஒதுங்குகிறோம். வட்டி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று கேட்கத் தயங்குகிறோம். அந்தப் பயத்துக்கு நாம் கொடுத்த விலை நமக்குத் தெரியும். அதே பயம் நம் பிள்ளைக்கு, முக்கியமாகப் பெண் பிள்ளைக்கு, முதல் வகுப்பிலேயே ஒட்டிக்கொள்ளக் கூடாது. அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு

"எம் பேரன் நூறு வரைக்கும் கடகடன்னு சொல்லுவான்" என்று பெருமையாகச் சொல்கிறோம். நல்லதுதான். ஆனால் இன்றைக்கு வீட்டுக்குப் போய் ஒன்று செய்து பாருங்கள். தட்டில் பத்து எலுமிச்சம்பழம் வைத்து, "ஆயாவுக்கு நாலு எடுத்துக் குடு கண்ணு" என்று கேளுங்கள். மூணு வயசுப் பிள்ளைகள் பல பேர் இரண்டு கையாலும் அள்ளிக் கொடுத்துவிடுவார்கள். ஒப்பிப்பது பாட்டு மாதிரி, வாய் சொல்கிறது. எண்ணுவதற்கு வாயும் விரலும் கண்ணும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும்.

இதை ஆராய்ந்த ரோச்சல் கெல்மன், காலிஸ்டல் என்ற இரண்டு பேர் 1978-ல் ஒரு புத்தகம் எழுதினார்கள். எண்ணுவதற்குச் சில அடிப்படை விதிகள் உண்டு என்றார்கள். அவற்றில் மூன்றை மட்டும் நாம் மனசில் வைத்தால் போதும். ஒன்று, ஒரு பொருளுக்கு ஒரே எண். தொட்டதையே இரண்டாம் முறை தொடக் கூடாது, எதையும் விடவும் கூடாது. இரண்டு, எண்களின் வரிசை மாறக் கூடாது. மூன்று, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். இந்த மூன்றாவதுதான் சின்னப் பிள்ளைக்குக் கடினம். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று சரியாக எண்ணி முடித்த பிள்ளையிடம் "அப்போ மொத்தம் எத்தனை?" என்று கேட்டால், மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். அது முட்டாள்தனம் இல்லை. ஒண்ணு, அப்புறம் ரெண்டு, அப்புறம் மூணு என்று ஒவ்வொரு எண்ணாக, மாதக் கணக்கில்தான் இது பிள்ளைக்குப் பிடிபடும். அதுவரைக்கும் நாம் அவசரப்படுத்தாமல் கூட இருக்க வேண்டும்.

புத்தகம் எதற்கு?

எலுமிச்சம்பழமே போதுமே என்று கேட்கலாம். பழமும் வேணும், புத்தகமும் வேணும். பழம் விற்றுப்போகும், புத்தகத்தில் இருக்கிற பூனை நாளைக்கும் அங்கேயே இருக்கும். பிள்ளை "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று கேட்கும். நமக்கு அலுத்துப்போகும், பிள்ளைக்கு அலுக்காது. திரும்பத் திரும்பப் பார்ப்பதில்தான் எண் மனசில் உட்காருகிறது.

நல்ல எண்ணிக்கைப் புத்தகங்கள் பிள்ளையைச் சும்மா உட்கார விடாது. சில உதாரணங்கள். எரிக் கார்ல் 1969-ல் செய்த பசியெடுத்த கம்பளிப்புழு புத்தகத்தில், புழு திங்கட்கிழமை ஒரு ஆப்பிள், செவ்வாய்க்கிழமை இரண்டு பேரிக்காய் என்று தின்றுகொண்டே போகும். அது தின்ற இடத்தில் நிஜமாகவே ஓட்டை இருக்கும், பிள்ளை விரலை விட்டு எண்ணலாம். சனிக்கிழமை கண்டதையும் தின்று புழுவுக்கு வயிற்றுவலி! ஜப்பானில் மிட்சுமாசா அன்னோ 1975-ல் வெளியிட்ட எண்ணிக்கைப் புத்தகத்தில் கதை எழுத்தே இல்லை. முதல் படம் பனி மூடிய வெறும் நிலம், அதாவது பூஜ்யம். அப்புறம் ஒரு வீடு, ஒரு மரம் என்று பக்கத்துக்குப் பக்கம் ஊர் வளரும். பிரான்சில் எர்வே டுல்லே 2010-ல் செய்த புத்தகத்தில் வெறும் வண்ணப் பொட்டுகள்தான். பொட்டை அமுக்கு, புத்தகத்தைக் குலுக்கு என்று சொல்லும். பக்கம் திருப்பினால் பொட்டுகள் பெருகியிருக்கும், இடம் மாறியிருக்கும். தான் செய்ததால்தான் நடந்தது என்று பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும்.

நம் பக்கத்திலும் உண்டு. சென்னை தாரா புக்ஸ் 2003-ல் கொண்டு வந்த 'ஒன், டூ, ட்ரீ' புத்தகத்தில், எறும்பில் ஆரம்பித்து யானை வரை எல்லாம் ஒரே மரத்தில் ஏறும். படம் வரைந்தவர் துர்காபாய், கோண்டு பழங்குடிப் பெண் ஓவியர். ஆங்கிலப் புத்தகமானாலும் படத்தைப் பார்த்து நம் தமிழிலேயே கதை சொல்லலாம். தூலிகா பதிப்பகத்தின் 'கஜபதி குலபதி' எண்ணிக்கைப் புத்தகம் இல்லை. ஆனால் யானைக்குச் சளி பிடித்துத் தும்மும் கதை, சத்தமாகப் படித்துச் சிரிக்க ஏற்றது. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் தமிழ்ப் படக்கதைகளைச் செல்போனிலேயே காசில்லாமல் படிக்கலாம்.

எப்படிப் படிப்பது?

1988-ல் அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்பவரும் கூட வேலை செய்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு வயசை ஒட்டிய பிள்ளைகளுக்குப் பெற்றோர் வெறுமனே படித்துக் காட்டாமல், கேள்வி கேட்டு, பிள்ளை சொல்வதைப் பெரிதாக்கிப் பேசினார்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் பேச்சு மற்ற பிள்ளைகளைவிட முன்னேறியிருந்தது. ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

1. பிள்ளையை மடியில் வைத்து, அது விரலாலேயே தொட்டு எண்ணட்டும். ஒரு தொடுதலுக்கு ஒரு எண்.

2. எண்ணி முடித்ததும், "ஆக மொத்தம் நாலு வாத்து!" என்று கடைசி எண்ணை அழுத்திச் சொல்லுங்கள்.

3. கேள்வி கேட்டால் பொறுத்திருங்கள். வாடிக்கைக்காரர் யோசிக்கும்போது காத்திருக்கிறோமே, அந்தப் பொறுமை போதும்.

4. வேணும்னே தப்பாக எண்ணுங்கள். "ஒண்ணு, ரெண்டு, அஞ்சு!" என்று சொல்லிப் பாருங்கள். "ஐயோ ஆயா, அப்படி இல்ல!" என்று பிள்ளை துள்ளும். பெரியவங்களைத் திருத்துகிற சந்தோஷம் போல வேறு பாடம் கிடையாது.

5. பிள்ளை தப்பாக எண்ணினால் திட்ட வேண்டாம், தலையில் குட்டவும் வேண்டாம். "வா, ரெண்டு பேரும் சேர்ந்து எண்ணலாம்" என்றால் போதும்.

நாமே செய்யும் புத்தகம்: மார்க்கெட்டுப் பூனை

காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம், ஒரு ஸ்கெட்ச் பேனா, ஊசி நூல் இருந்தால் ஆறு பக்கப் புத்தகம் தயார். கதை இதோ.

முதல் பக்கம்: மீன் விற்கும் ஆயா கூடையில் அஞ்சு சங்கரா மீன். தூணுக்குப் பின்னால் ஒரு வால் மட்டும் தெரிகிறது. "அது யாரோட வால்?"

இரண்டாம் பக்கம்: நாலு மீன். "அஞ்சு வச்சேனே!" என்கிறாள் ஆயா. பூனை வாயைத் துடைக்கிறது.

மூன்றாம் பக்கம்: மூணு மீன். ஆயா மேலே உட்கார்ந்திருக்கும் காக்காயை முறைக்கிறாள். காக்காய், "நான் இல்லப்பா!" என்கிறது.

நான்காம் பக்கம்: ரெண்டு மீன். ஆயா தன் முந்தானையை உதறிப் பார்க்கிறாள். பூனை வயிறு கொஞ்சம் உப்பியிருக்கிறது.

ஐந்தாம் பக்கம்: ஒரே ஒரு மீன். ஆயா அசந்து தூங்குகிறாள். "சத்தம் போடாத, பூனை வருது!"

ஆறாம் பக்கம்: கூடை காலி. பூஜ்யம். பூசணிக்காய் மாதிரி வயிற்றோடு பூனை நகர முடியாமல் படுத்திருக்கிறது.

இப்போது கேளுங்கள், "பூனை வயித்துல எத்தனை மீன்?" அப்புறம் பக்கத்தைப் பின்னால் திருப்புங்கள். கூடையில் மூணு இருக்கும்போது வயிற்றில் எத்தனை? ரெண்டு. கூடையில் ரெண்டு என்றால்? மூணு. எப்படிப் பார்த்தாலும் சேர்த்தால் அஞ்சு. கூட்டல், கழித்தல், பூஜ்யம் மூன்றும் ஒரு பூனைக்குள்ளே வந்துவிட்டது! நம் குழுவில் கையிருப்பு குறைந்தால் பணம் எங்கே போனது என்று வரவு செலவு நோட்டில் தேடுகிறோம் அல்லவா? அதுவும் இதுவும் ஒரே கணக்குதான். "குறைஞ்சது எங்கே போச்சு?" என்று நாலு வயசில் கேட்கப் பழகிய பெண், நாற்பது வயசில் யாரிடமும் ஏமாற மாட்டாள்.

கதை முடிந்ததும் நிஜப் பொருளையும் எண்ண வையுங்கள். மூணு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளிடம் புளியங்கொட்டை, மணி போன்ற சின்னச் சாமான் கொடுக்க வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளும். வெண்டைக்காய், ஸ்பூன் போதும். பத்துக்கு மேலே போக அவசரமும் வேண்டாம். "எண்பத்தி ஒன்பது, எண்பத்தி பத்து" என்று பிள்ளை சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள், அது யோசித்துத்தான் சொல்கிறது. தொண்ணூறு என்பது நம் தமிழிலும் கொஞ்சம் குறும்பான சொல்தான். நம் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு மொழியில் தொண்ணூறை "நாலு இருபது பத்து" என்றுதான் சொல்ல வேண்டும்!

யார் படிப்பது, எப்போது?

மார்க்கெட்டிலிருந்து வரும்போது நமக்கு இடுப்பு ஒடிந்துவிடும், உண்மைதான். அதனால் பத்து நிமிஷம் போதும், படுக்கும் முன்னால். இதை அம்மா தலையில் மட்டும் கட்டவும் வேண்டாம். அப்பா படிக்கட்டும், தாத்தா படிக்கட்டும். மூத்த பெண் பிள்ளையின் படிப்பு நேரத்தைப் பிடுங்கி இந்த வேலையைத் தர வேண்டாம்.

மூன்றாம் வகுப்பு முடிப்பதற்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் படிக்கவும் எண்ணவும் வர வேண்டும் என்று மத்திய அரசு 2021-ல் நிபுண் பாரத் திட்டத்தைக் கொண்டு வந்தது. தமிழ்நாட்டில் 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. பள்ளிக்கூடம் அதன் வேலையைச் செய்யட்டும். பள்ளிக்குப் போகும் முன்னாலேயே எண்ணைச் சிநேகம் பிடித்துக் கொடுப்பது நம் வேலை.

ஆகவே ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள். பொது நிதியில் நாலைந்து படப் புத்தகம் வாங்குவது, ஒரு 'மார்க்கெட்டுப் பூனை' நாமே செய்வது, அங்கன்வாடி டீச்சரிடமும் ஒன்று கொடுப்பது. நகரத்துக்குப் போகிறவர்கள் 1827-ல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகத்தில் சிறுவர் புத்தகம் கேட்டுப் பாருங்கள். குழுப் புத்தகத்தை உள்கடன் மாதிரி நோட்டில் எழுதி, வாரம் ஒரு வீட்டுக்குக் கொடுங்கள். வட்டி உண்டு! புத்தகம் திரும்பும்போது பிள்ளை ஒரு பக்கத்தைத் தொட்டு எண்ணிக் காட்ட வேண்டும், அதுதான் வட்டி. அடுத்த மாதக் கூட்டத்தில் எந்தக் குழுவுக்கு எவ்வளவு வட்டி சேர்ந்தது என்று கேட்போம்.