பாத்தியில் ஒரு கிழங்குச் சரம்



மண்டபத்தருகே செம்மஞ்சளாய்ப் பூக்கும் மொன்ட்பிரீசியாவை நாம் எல்லோரும் அறிவோம். தென்னாபிரிக்கச் செடிகளைக் கலந்து, 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் லெமுவான் உருவாக்கிய இனம் இது. கிளாடியோலஸில் பழைய கிழங்கு சுருங்கி அழிந்துவிடும். இதிலோ பழையதன்மேல் புதியது சரமாக அமரும். கண்டியின் ஈரத்தில் இலையும் பெரும்பாலும் பச்சையாகவே நிற்கும்.

புதிய வகுப்பறைக்காக அந்தப் பாத்தி விரைவில் தோண்டப்படவுள்ளது. ஆகவே ஆளுக்கு ஐந்து கிழங்கு எடுத்துச் செல்வோம். நீர் தேங்காத இடத்தில் 3 அங்குல ஆழத்தில், அரை அடி இடைவெளியில் நடுவோம். வேகமாகப் பரவும் செடி; மிகுதியை ஓடைக்கரையில் வீசக்கூடாது. கட்டடம் முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரு கிழங்கையாவது திருப்பிக் கொண்டுவருவோம். வெளிநாட்டுத் தோழியரின் பங்கையும் கண்டியில் இருக்கும் நாங்களே வளர்த்துத் தருவோம்.