பிணை என்றால் என்ன?



நீதிமன்ற வாசலில் நம் ஆட்களை அதிகம் பயமுறுத்தும் சொல் 'பிணை'. "ஒரு இலட்சம் ரூபா சரீரப் பிணை" என்று காதில் விழுந்ததும், தோட்டைக் கழற்றிக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடிய தாய்மாரை நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்த ஓட்டம் தேவையில்லாதது.

பிணை நல்ல தமிழ்ச் சொல். பிணைத்தல் என்றால் சேர்த்துக் கட்டுதல். சூடு மிதிக்க ஒன்றாகக் கட்டிய மாடுகளைப் பிணையல் என்பார்கள். ஆங்கிலத்தில் பெயில் என்கிறார்கள். அது பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் லத்தீன் வேருக்குச் சுமை சுமப்பது என்று பொருள். ஒருவருக்காக இன்னொருவர் தன்னைக் கட்டிக்கொள்கிறார், அவர் பொறுப்பைச் சுமக்கிறார். பிணை அவ்வளவுதான்.

சரீரம் என்றால் உடம்பு. சரீரப் பிணைக்கு அன்றைக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. 'இவர் தவணைக்கு வருவார், வராவிட்டால் இந்தத் தொகைக்கு நான் பொறுப்பு' என்று பிணையாளி கையெழுத்து வைக்கிறார். காசாகக் கட்டுவது ரொக்கப் பிணை. சிலவேளை நீதவான் இரண்டையும் சேர்த்தே விதிப்பார். எது என்று சட்டத்தரணியிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

பிணை கேட்பது பிச்சை கேட்பதல்ல. சில குற்றங்களுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. மற்றபடி, பிணை வழங்குவதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்கிறது 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம்.

ஆனால் பிணை கிடைத்ததும் வழக்கு முடிந்துவிடாது. பெரட்டுக்குப் போக வேண்டும் என்று தவணையைத் தவறவிட்டால் பிடியாணை வரும். நமக்காகக் கையெழுத்து வைத்தவரும் மாட்டிக்கொள்வார்.

நம் பாட்டன் பாட்டிமாரையும் ஒரு காகிதம் கட்டிப்போட்டது. கங்காணிக் கடனோடு ஆளையும் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய அந்தத் 'துண்டு' 1921இல் ஒழிக்கப்பட்டது. துண்டு கடனால் கட்டியது. பிணை நம்பிக்கையால் கட்டுவது. ஒருவரை வெளியே கொண்டுவர இன்னொருவர் விரும்பி ஏற்கும் கட்டு இது.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் பிணை நிற்கக்கூடிய மூன்று பேரை இப்போதே தெரிவு செய்யட்டும். அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ் எல்லாம் ஒழுங்காக இருக்கட்டும். நாளை ஒரு போராட்டத்தில் யாரையாவது பொலிஸ் கொண்டுபோனால், அடகுக் கடைக்குப் போகும் முன் சங்கத்துக்கு வாருங்கள்.